பெட்ரா போறீங்களா? முதல்ல மழையைப் பத்தி பேசுவோம்

மலைப்பாறையைக் குடைஞ்சு கட்டின பழங்கால ஊர் பெட்ரா, அது இருக்குற ஜோர்டானுக்கு குரூப் கூட்டிட்டுப் போற டூர் மேனேஜர் நான். கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே வாட்ஸ்அப்ல கேள்வி ஆரம்பிச்சிடும், வெயில் எப்படி, தொப்பி எடுக்கணுமா, தயிர் சாதம் கிடைக்குமா. பாலைவனத்துல வெள்ளம் வருமான்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூட கேட்டதில்ல.

வரும். 1963 ஏப்ரல்ல பெட்ராவோட வாசல் மாதிரி இருக்குற சிக் பள்ளத்தாக்குக்குள்ள திடீர்னு தண்ணி புகுந்து 20க்கும் மேற்பட்ட பிரெஞ்சு சுற்றுலாப் பயணிங்க இறந்துட்டாங்க. 2018 நவம்பர்ல அதே ஊர்ல மூவாயிரத்துக்கும் மேல ஆளுங்களை அவசரமா வெளியேத்தினாங்க, 2022 டிசம்பர்லயும் அதே கதை.

சிக்னா என்னன்னு தெரிஞ்சாதான் பயம் புரியும். 1.2 கிலோமீட்டர் நீளத்துக்கு மலை பிளந்து கெடக்குது, ரெண்டு பக்கமும் அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்கிற செங்குத்துப் பாறை, சில இடத்துல அகலம் 3 மீட்டர்தான், நாலு பேர் கை கோத்து நின்னா வழி அடைஞ்சிடும். மேல மலையில பெய்யுற மழையை உறிஞ்சிக்க மண்ணோ மரமோ பெருசா கிடையாது, மொட்டைப் பாறை, விழுற தண்ணி மொத்தமும் வாதி மூசா ஓடையில சேர்ந்து கீழ பாயும். நீங்க நிக்கிற எடத்துல வானம் பளிச்சுன்னு நீலமா இருக்கலாம், அதை நம்பவே நம்பாதீங்க.

இந்த ஊரைக் கட்டின நபாத்தியர்களுக்கு இது நல்லா தெரிஞ்சிருக்கு. சாம்பிராணி, வெள்ளைப்போளம், வாசனைப் பொருள்னு ஒட்டகத்துல ஏத்தி வித்து காசு பார்த்தவங்க, ஆனா என்னைக் கேட்டா அவங்களோட அசல் திறமை வியாபாரமே இல்ல, தண்ணி கட்டுறதுதான். சிக் வாசல்லயே அணை போட்டு, வெள்ளம் வேற பக்கம் போறதுக்கு மலைக்குள்ள சுமார் 88 மீட்டர் சுரங்கம் குடைஞ்சிருக்காங்க. அதே சிக் சுவத்துல ஒரு பக்கம் திறந்த வாய்க்கால், இன்னொரு பக்கம் சுட்ட மண் குழாய், ஊத்துத் தண்ணி ஊருக்குள்ள போக. அந்தக் குழாய்த் துண்டு இன்னும் சுவத்துல பதிஞ்சு இருக்கு, எல்லாரும் சிக் முடியுற இடத்துல பாறையில செதுக்கியிருக்குற கஜானாங்கிற பெரிய முகப்பை போட்டோ எடுக்குற அவசரத்துல தாண்டிப் போயிடுறாங்க. 1963 சாவுக்கு அப்புறம் அதே வாசல்லதான் திரும்ப அணை கட்டினாங்க.

ஒரு தடவை என் குரூப்போட சிக்குக்குள்ள பாதி தூரம் போயிட்டோம், காவலர் ஒருத்தர் ஓடி வந்து திரும்புங்க திரும்புங்கன்னார். வெயில் அடிக்குது. குரூப்ல ஒரு மாமா, ரிடையர்டு, கணக்குல கறார், "ஏன் தம்பி, 50 தினார் குடுத்துருக்கோம், கஜானாவைப் பார்க்காம எப்படிப்பா திரும்புறது, இங்க ஒரு பொட்டு மழை இல்லையே"ன்னு நகரவே மாட்டேங்குறார். கடைசியில கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன், அவருக்கு செம கோவம், பஸ்ஸுல பேசவே இல்ல. மறுநாள் காலையில திறந்ததும் போனோம், தரையெல்லாம் செம்மண் சேறு, சுவத்துல என் இடுப்பு உயரத்துக்கு ஈரக்கோடு. மாமா குடைக் கம்பியை அந்தக் கோட்டுகிட்ட வச்சு பார்த்துட்டு "சரிப்பா"ன்னார், அவ்ளோதான்.

அதனால அக்டோபர்லேர்ந்து ஏப்ரல், மே வரைக்கும் போறவங்க காலையிலயே ஹோட்டல்ல வானிலை கேளுங்க, மலைப்பக்கம் மழைன்னா சிக்குக்குள்ள காலே வைக்காதீங்க. ஏற்கனவே சிக்கைத் தாண்டி பழைய ஊருக்குள்ள போயிட்டீங்கன்னா ஓடைப் படுகையை விட்டு மேட்டுக்கு ஏறிடுங்க, சிக் வழியா ஓடித் தப்பிக்கலாம்னு நினைக்காதீங்க, கஸ்ர் அல் பிந்த் கோயில்கிட்டேர்ந்து உம் சைஹூன் கிராமத்துக்கு பின்பக்கமா ரோடு இருக்கு, காவலர் எந்தப் பக்கம் கை காட்டுறாரோ அந்தப் பக்கம் போங்க.

வெள்ளம் வராத நாள்லயும் அங்க தண்ணி அரிச்சுட்டேதான் இருக்கு. மணற்கல் தண்ணியைக் குடிச்சிடும், காயும்போது உள்ள கரைஞ்ச உப்பு கட்டியாகி கல்லை உள்ளேர்ந்து தள்ளும், மேல்தோல் பொடியா உதிரும். சிக்குல ஒட்டகக் கூட்டத்தை ஓட்டிட்டுப் போற மாதிரி ஒரு செதுக்கல் இருக்கு, ஒட்டகத்தோட மேல் உடம்பு தேஞ்சே போச்சு, கால் மட்டும் அப்படியே நிக்குது, ஏன்னா 1990கள்ல தோண்டுற வரைக்கும் அந்தக் கால் வண்டலுக்குள்ள புதைஞ்சு கெடந்தது. இப்படி இருக்குற சுவத்துல சாயுறது, விரலால தேய்க்கிறது, பேரைக் கிறுக்குறது எல்லாம் வேணாம்ங்க, லேசா தடவினாலே கையில மணல் ஒட்டுது. (என் குரூப்ல யாராவது சாவியை வெளிய எடுத்தா நான் கத்துவேன், முன்னாடியே சொல்லிடுறேன்.)

அப்புறம் டிக்கெட் விஷயம். ராத்திரி ஜோர்டான்ல தங்குறவங்களுக்கு ஒரு நாள் 50 தினார், ரெண்டு நாள் 55 தினார், வித்தியாசம் அஞ்சே தினார். அந்த மாமாவுக்கு அப்புறம் என் எல்லா குரூப்புக்கும் நான் ரெண்டு நாள் டிக்கெட்தான் போடுறேன், காவலர் திரும்புங்கன்னு சொன்னா யாரும் காசுக் கணக்கு பேசுறதில்ல.