கோடியக்கரையில் பறவைக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

டிசம்பர் விடுமுறையில் கோடியக்கரைக்கு வந்துவிட்டு, பறவையே இல்லையே என்று ஏமாந்து திரும்புகிறவர்கள் ஏராளம். அப்படிச் சொல்லப்படும் நாட்களில் பெரும்பாலும் பறவை குறைந்திருக்காது, தண்ணீர் கூடியிருக்கும்.

கொசு உள்ளான் 20 முதல் 30 கிராம் எடையுள்ள, சேற்றில் இரை தேடும் பறவை. இரண்டு மூன்று செ.மீ. ஆழத்துக்கு மேல் அதனால் நின்று இரை எடுக்க முடியாது. வளைமூக்கு உள்ளான் ஐந்தாறு செ.மீ. வரை இறங்கும். கருவால் மூக்கனுக்கு அதைப்போல இரண்டு மடங்கு ஆழம் பரவாயில்லை. நெடுங்கால் உள்ளான் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். பூநாரைக்கு நம் முழங்கால் அளவு தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. ஆகவே ஒரே சதுப்பில் ஒரு சாண் தண்ணீர் ஏறினால் உள்ளான் கூட்டம் மொத்தமும் இடம் மாறிவிடும். அந்த இடத்தில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகி வாத்தும் மிதக்கும். ஒரு நாள் வந்து பார்த்து இந்த வருடம் பறவை குறைவு என்று முடிவு கட்டுவது தவறு என்பதற்கு இதுவே காரணம்.

கோடியக்கரை என்பது ஓர் இடமல்ல. முனையில் மணல்மேடும், பாலை மரங்கள் நிறைந்த உலர் பசுமைக்காடும். அதற்கு மேற்கே வேதாரண்யம் பெருஞ்சதுப்பு. அதன் ஓரங்களில் உப்பளங்கள். சதுப்பின் மேற்குக் கோடியில் கோரையாறும் பாமணியாறும் கடலைச் சேரும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபோது முக்கியக் கவனம் வெளிமான் மீது இருந்தது. 2002இல்தான் தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தலமாக (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக), சுமார் 38,500 ஹெக்டேர் பரப்புடன், இந்த நிலங்கள் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கப்பட்டன. பறவைகள் முன்பிருந்தே அப்படித்தான் பயன்படுத்தி வந்தன.

வலசை ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும். முதலில் வருபவை முதிர்ந்த பறவைகள். வடக்கே இனப்பெருக்கத்தின்போது பூண்ட செங்கல் நிறம் வளைமூக்கு உள்ளானின் வயிற்றில் திட்டுத்திட்டாக இன்னும் ஒட்டியிருக்கும். அந்த ஆண்டுக் குஞ்சுகள் சில வாரம் கழித்துத் தாமாகவே வழி கண்டு வந்து சேரும். ஆனால் ஆகஸ்ட், செப்டம்பரில் சதுப்பின் பெரும்பகுதி வெடித்து, உப்புப் பூத்துக் கிடக்கும். சைபீரியாவிலிருந்து பறந்து களைத்து வரும் பறவைக்கு அப்போது கைகொடுப்பவை கடலோரமும், கடல்நீர் தேக்கி வைத்திருக்கும் உப்பளத்து முதல்கட்டத் தேக்கங்களும்தான். உப்பளம் என்றாலே பறவைக்குக் கேடு என்று ஒரேயடியாகச் சொல்வதில் எங்களுக்கு உடன்பாடில்லை. எந்தப் பாத்தி, எந்த மாதம் என்று பார்க்க வேண்டும். உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் போமே அளவில், கடல்நீர் சுமார் 3 டிகிரியில் உள்ளே வருகிறது. ஏறத்தாழ 25 டிகிரியில் உப்பு விளைகிறது. தொடக்க நிலையில் சேற்றுப்புழுவும் சிறு நத்தையும் மீன்குஞ்சும் உண்டு. அடர்த்தி ஏற ஏற அவை செத்து, உப்புநீர் இறால் மட்டும் மிஞ்சும். பூநாரைக்கு அது போதும். உப்பு விளையும் பாத்தியில் இரை என்று ஒன்றுமே இருக்காது. தேக்கங்களைத் தூர்த்து எல்லாவற்றையும் விளைபாத்தியாக்கினால் பறவைக்கு நஷ்டம் எங்கே வரும் என்பது இப்போது விளங்கும்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் காட்சி மாறும். காட்டுக்குள் ஆறுமணிக்குருவி போன்ற நிலப்பறவைகள் வந்து தங்கும். அவற்றில் சில சுமார் 50 கி.மீ. கடலைத் தாண்டி இலங்கைக்கும் போகும். சதுப்பில் உப்பு கரைந்து, புதுத் தண்ணீரில் புழு பெருகும். நவம்பர், டிசம்பரில் கனமழை நீடித்தால் ஆழம் ஏறி உள்ளான்கள் கரைகளுக்கு ஒதுங்கிவிடும். மழை ஓய்ந்து, ஜனவரியில் நீர் நாளுக்கு நாள் பின்வாங்கும்போது புதுச்சேறு வெளிப்படும். உள்ளான்களைப் பார்க்க எங்கள் கணக்கில் அதுதான் நல்ல காலம். பாக் நீரிணையில் ஓதம், அதாவது கடல்நீரின் தினசரி ஏற்ற இறக்கம், ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், இங்கே சேறு வெளிப்படுவதில் காற்றுக்கும் பெரிய பங்கு உண்டு. காற்றின் திசை மாறினால் மெல்லிய நீர்ப்பரப்பு ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு, காலையில் பறவை இருந்த இடம் மாலையில் காலியாகிவிடும்.

மழை பொய்த்தாலும், ஆற்றுநீர் வரத்துக் குறைந்தாலும், இறால் பண்ணைக் கரைகள் ஓட்டத்தை மறித்தாலும் சதுப்பு சீக்கிரமே உப்பேறிக் காய்ந்துவிடும். மார்ச், ஏப்ரலில் வடக்கே புறப்படுமுன் பறவை கொழுப்புச் சேர்க்க வேண்டிய நேரத்தில் இரை தீர்ந்துபோகும். அந்த வாரங்களில் படத்துக்காகக் கூட்டத்தைக் கிளப்பி விடுவது மிகப்பெரிய தீங்கு. வீணாகப் பறக்கும் ஒவ்வொரு சுற்றும் சேர்த்த கொழுப்பைத்தான் எரிக்கிறது. மேய்ந்துகொண்டிருந்தவை தலை தூக்கினால் அங்கேயே நில்லுங்கள். ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் பின்வாங்குங்கள். திறந்த சேற்றில் நூறு மீட்டராவது தள்ளி, தாழ உட்கார்ந்து, தொலைநோக்கியில் பாருங்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

எண்ணுகிறவர்கள் முதலில் பத்துப் பறவையை எண்ணி, அது கண்ணுக்கு எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பிடித்துக்கொண்டு, பிறகு நூறு நூறாக அளக்க வேண்டும். கிளம்பிய கூட்டம் அடுத்த பாத்தியில் இறங்கி இரண்டாம் முறை கணக்கில் ஏறுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. பக்கத்துப் பகுதிகளில் ஒரே நேரத்தில் ஆள் நிறுத்தினால் தவிர்க்கலாம். எண்ணிக்கையோடு, செ.மீ. குறித்த குச்சியால் ஓரத்து நீர் ஆழத்தையும் எழுதுங்கள். ஆழம் இல்லாத எண்ணிக்கையை அடுத்த வருடத்தோடு ஒப்பிட முடியாது. இங்கே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல்லாண்டுகளாகப் பறவைகளின் காலில் எண் பொறித்த வளையமிட்டு வருகிறது. காலில் வளையமுள்ள பறவை இறந்து கிடந்தால் எண்ணைத் தெளிவாகப் படமெடுத்து, தேதியும் இடமும் சேர்த்து அவர்களுக்கோ வனத்துறைக்கோ அனுப்புங்கள்.

கோடையிலும் இங்கே பறவை உண்டு. வலசைப் பறவைகளில் ஓராண்டு நிரம்பாதவை பல வடக்கே போவதில்லை. உள்ளூர் ஆள்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் சின்ன ஆலா என்ற கடற்பறவையும் உப்பளக் கரையிலும் காய்ந்த தரையிலும் முட்டையிடும். மண் நிறத்தில் புள்ளி போட்ட முட்டை, மிதிக்கும்வரை தெரியாது. ஏப்ரல் முதல் ஜூலை வரை கரை வெட்டுவதையும் வண்டி ஓட்டுவதையும் உப்பளக்காரர்கள் கொஞ்சம் பார்த்துச் செய்தால் போதும். பறவை தலைக்குமேல் கத்திச் சுற்றினால் அருகில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது. வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள். அடையாளத்துக்கென்று முட்டை அருகே குச்சி நடாதீர்கள், காகம் அதைப் பார்த்துத் தேடி வரும்.