நைட் கிளப்: விடுதியா, மன்றமா?

பெர்லின் நகரத்து நைட் கிளப்புகளைப் பற்றிய கட்டுரை ஒன்றின் தமிழாக்கத்தில், 'இரவு விடுதிகளைப் பண்பாட்டு நிறுவனங்களாகக் கருத வேண்டும்' என்ற வரியைப் படித்தேன். விவரம் தெரியாத வாசகர், ராத் தங்கும் அறைகளுக்கும் பண்பாட்டுக்கும் என்ன தொடர்பு என்றுதான் கேட்பார். செய்தியிலும் தொலைக்காட்சியிலும் மொழிபெயர்ப்பு நாவல்களிலும் 'இரவு விடுதி' என்றே எழுதி எழுதி, அதுதான் சரி என்று நம்பவும் வைத்துவிட்டார்கள். அது சரியில்லை.

'கிளப்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான நார்ஸில் இருக்கிறது. தடித்த முனையுள்ள கழி என்று பொருள். தடியின் முனைபோல் ஓரிடத்தில் திரண்டவர்கள் என்ற கருத்தில் அது ஆட்களின் கூட்டத்தையும் குறிக்கத் தொடங்கியது. 17ஆம் நூற்றாண்டு லண்டனில், மதுக்கடையில் கூடிச் செலவைப் பங்கிட்டுக்கொண்டவர்கள் 'கிளப்' ஆனார்கள். ஆக, சொல்லின் உயிர் கூடுவதில் இருக்கிறது. தங்குவது அதில் எங்குமே இல்லை.

'விடுதி' இதற்கு நேர்மாறான சொல். பயணத்தை விட்டு இறங்கி இளைப்பாறும் இடம் அது. மாணவர் விடுதி, பயணியர் விடுதி எல்லாம் அந்தப் பொருளில்தான் வழங்குகின்றன. 'உணவு விடுதி, மது விடுதி என்றெல்லாம் சொல்கிறோமே, அங்கே யார் படுத்து உறங்குகிறார்கள்?' என்று 'இரவு விடுதி' என்ற சொல்லுக்குப் பரிந்து பேசுகிறவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். உணவும் மதுவும் முன்னால் நிற்கும்போது, அங்கே எதற்காகப் போகிறோம் என்பதை அந்த முன்சொல்லே சொல்லிவிடுகிறது. 'இரவு' அப்படி எதையும் சொல்வதில்லை. நேரத்தை மட்டும் சொல்கிறது. விடுதியில் இரவில் என்ன செய்வோம்? உறங்குவோம். மங்கிக் கிடந்த பழைய பொருளை 'இரவு' என்ற சொல்லே தட்டி எழுப்பிவிடுகிறது. விடிய விடிய ஒருவரும் கண் மூடாத இடத்திற்கு உறங்குமிடத்தின் பெயரை வைத்திருக்கிறோம்.

இதை உணர்ந்த சிலர் 'கேளிக்கை விடுதி', 'களியாட்ட விடுதி' என்று திருத்துகிறார்கள். இது இன்னும் மோசம். விடுதி அப்படியே இருக்க, முன்னால் ஒரு தீர்ப்பும் ஒட்டிக்கொள்கிறது. ஜெர்மனியில் நடந்த போராட்டமே இந்தத் தீர்ப்பைப் பற்றியதுதான். அங்கே கட்டட விதிகள் கிளப்புகளைச் சூதாட்டக் கூடங்களோடு சேர்த்துக் 'கேளிக்கை இடங்கள்' என்று வகைப்படுத்தியிருந்தன. அவற்றைப் பண்பாட்டு இடங்களின் வரிசைக்கு மாற்ற வேண்டும் என்று 2021 மே மாதம் ஜெர்மன் நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அதற்கு முன்பே, 2016இல், பெர்லினில் பழைய மின்நிலையத்தில் இயங்கும் பெர்க்ஹைன் கிளப்பின் இசை நிகழ்ச்சிகளுக்கு 19 சதவீத வரி அல்ல, கச்சேரிகளுக்குரிய 7 சதவீதமே பொருந்தும் என்று நிதி நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எந்தப் பெயரை நீக்கச் சொல்லி அந்த ஊர்க்காரர்கள் போராடினார்களோ, அதே பெயரை நாம் தமிழில் திரும்பச் சூட்டுகிறோம். அந்தச் செய்தியைக் 'கேளிக்கை விடுதி' என்று எழுதி மொழிபெயர்த்துப் பாருங்கள், செய்தியே செத்துவிடும்.

இத்தனைக்கும் சொல் கையிலேயே இருக்கிறது: மன்றம். ஊர் கூடும் பொது இடம் மன்றம். கிளப் என்பதற்கு மனமகிழ் மன்றம், இளைஞர் மன்றம் என்று ஏற்கெனவே அதைத்தான் வழங்குகிறோம். ஆடலுக்கும் அது அயல் இல்லை. 'மன்றுதொறு நின்ற குரவை' என்று மதுரைக்காஞ்சி பாடுகிறது. தில்லைக் கூத்தனுக்கு மன்றுளாடி என்றே பெயர். கூட்டம், ஆட்டம் இரண்டையும் ஒருசேரத் தாங்கும் இப்படியொரு சொல் வேறு எத்தனை மொழிகளுக்கு வாய்த்திருக்கும்! நீதிமன்றம், நாடாளுமன்றம் என்று கனமான இடங்களில் வருகிறதே என்று தயங்க வேண்டாம். முன்சொல் மாறினால் பொருள் மாறும். 'இரவு மன்றம்' என்றால் யாரும் வழக்கறிஞரைத் தேட மாட்டார்கள். பெர்க்ஹைன் போலச் சனி இரவு தொடங்கித் திங்கள் காலை வரை ஓடும் இடங்களுக்கு 'ஆடல் மன்றம்' இன்னும் பொருந்தும்.

இன்னொரு குழப்பமும் இதோடு வருகிறது. வாத்தியக்காரர்கள் எதிரில் அமர்ந்து வாசிக்கும் இடத்தையும் இதே விடுதிக்குள் அடைக்கிறார்கள். நியூயார்க்கில் 1935 முதல் இருக்கும் வில்லேஜ் வான்கார்ட், படியிறங்கிப் போக வேண்டிய ஒரு நிலவறை. அங்கே வருகிறவர்கள் உட்கார்ந்து ஜாஸ் கேட்கிறார்கள். 1961இல் பியானோக் கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு அங்கே வாசித்ததன் ஒலிப்பதிவில், பியானோவின் மெல்லிய இடங்களில் கண்ணாடிக் குவளைகள் இடிபடும் ஓசையும் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் முணுமுணுப்பும் கேட்கின்றன. அது இசையரங்கு. அப்படி எழுத என்ன தடை?

அங்கே நடக்கும் 'லைவ் மியூசிக்'கை 'நேரலை இசை' என்று எழுதுவதைத்தான் என்னால் சற்றும் பொறுக்க முடியவில்லை. நேரலையில் உள்ள அலை, ஒளிபரப்பின் அலை. தொலைவில் இருப்பவருக்கு அந்தக் கணமே போய்ச் சேருவது நேரலை. பத்தடி தூரத்தில் ஒருவர் டிரம்பெட் ஊதினால் அதில் எந்த அலைவரிசை வந்தது? 'நேரிசை' என்று சுருக்கலாமே என்றால், அதை நேரிசை வெண்பா என்ற செய்யுள் வகை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. 'கச்சேரி' என்று எழுதுங்கள். உருதுவிலிருந்து வந்த சொல்தான், தூய தமிழ் அல்ல. அதனால் எனக்கு வருத்தம் இல்லை. கச்சேரி என்றாலே கலைஞர் எதிரில் இருக்கிறார் என்பது எல்லோருக்கும் புரியும். மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கில அகராதியைத் திறப்பதற்கு முன் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்த்தால் போதும். நேரலை ஒளிபரப்புக்கே இருந்துவிட்டுப் போகட்டும்.