நிரலுக்குள் எழுதிய விளக்கம் இணையப் பக்கமாக மாறுவது எப்படி?

ஒரு செயற்கூறு (ஃபங்ஷன், அதாவது குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதி) என்ன செய்கிறது, அதற்கு எந்த மதிப்புகளைக் கொடுக்க வேண்டும், அது எதைத் திருப்பித் தரும் என்பவற்றை மூல நிரல் கோப்புக்குள், அந்தச் செயற்கூற்றை ஒட்டியே எழுதி வைப்பது இன்று பெரும்பாலான நிரல்மொழிகளில் நிலைபெற்றுவிட்ட வழக்கம். விளக்கம் வேறொரு கோப்பில் இருந்தால், நிரலைத் திருத்துபவர் அதைத் திருத்த மறந்துவிடுவார். இரண்டும் அருகருகே இருந்தால் மறப்பதற்கான வாய்ப்பு குறையும். ஆனால் அந்த நிரலைப் பயன்படுத்த வருபவருக்கு மூலக் கோப்பு படிக்க ஏற்ற இடமன்று. தலைப்புகளும் இணைப்புகளும் தேடும் வசதியும் உள்ள இணையப் பக்கமே அவருக்குத் தேவை. முன்னதைப் பின்னதாக மாற்றுவதற்கென்றே ஜாவாவுக்கு ஜாவாடாக், சி பிளஸ் பிளஸ் உள்ளிட்ட மொழிகளுக்கு 1997இல் தோன்றிய டாக்சிஜன், ரஸ்ட் மொழிக்கு ரஸ்ட்டாக் எனப் பல கருவிகள் இருக்கின்றன.

இக்கருவிகள் நிரலிலிருந்து உரையை வெட்டியெடுத்து, அதைச் சுற்றி இணையப் பக்கங்களுக்குரிய எச்டிஎம்எல் குறிகளை ஒட்டுகின்றன என்று எண்ணிக்கொள்வது எளிது. உண்மையில் உரைக்கும் பக்கத்துக்கும் இடையில், கணுக்கள் என்னும் உறுப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிளைக்கும் ஒரு மரவடிவத் தரவமைப்பு நிற்கிறது; இவற்றின் ஆற்றல் அனைத்தும் அந்த மரத்திலிருந்தே வருகிறது. பைத்தான் மொழிக்கான டாக்யூட்டில்ஸ் என்ற நிரல் நூலகத்திலும், அதன்மேல் கட்டப்பட்ட ஆவணக் கருவியான ஸ்ஃபிங்க்ஸிலும் இந்த அமைப்பு தெளிவாகப் பிரிந்து தெரிவதால், அவற்றைக் கொண்டே இதைப் பார்ப்போம். பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணங்கள் முன்பு அச்சுக்கோப்புக்கான லேட்டக் வடிவில் இருந்தன. அவற்றுக்காக கியார்க் பிராண்டல் எழுதிய ஸ்ஃபிங்க்ஸ் 2008இல் வெளிவந்தது.

முதல் வேலை, விளக்கத்தை நிரலிலிருந்து பிரித்தெடுப்பது. சாதாரணக் குறிப்புரைகளைப் பைத்தான் படித்த உடனே விட்டுவிடுகிறது. நிரல் ஓடும்போது அவற்றின் சுவடே இருக்காது. ஆனால் செயற்கூற்றின் உடலில் முதல் கூற்றாக ஒரு சரம் (மேற்கோள்குறிகளுக்குள் உள்ள உரை) மட்டும் நின்றால், பைத்தான் அதை டாக்ஸ்ட்ரிங் என்று கொண்டு அச்செயற்கூற்றுடனேயே நினைவகத்தில் வைத்திருக்கிறது. ஸ்ஃபிங்க்ஸின் ஆட்டோடாக் நீட்சி இதைப் பயன்படுத்திக்கொள்கிறது: நிரல் தொகுதியை உண்மையாகவே இறக்குமதி செய்து, அதிலுள்ள ஒவ்வொரு கிளாஸையும் (தரவையும் செயற்கூறுகளையும் ஒன்றாகக் கட்டும் அமைப்பு) செயற்கூற்றையும் கேட்டு, அவற்றின் டாக்ஸ்ட்ரிங்கையும், அளபுருக்கள் எனப்படும், கொடுக்க வேண்டிய மதிப்புகளின் பட்டியலையும் பெறுகிறது. மூதாதைக் கிளாஸிலிருந்து மரபுரிமையாக வந்தவையும், ஓட்டத்தின்போது உருவாக்கப்பட்டவையும்கூட இவ்வழியில் அகப்படும்.

இதற்கு ஒரு விலை உண்டு. இறக்குமதி செய்வது என்றால் தொகுதியின் மேல்மட்டத்திலுள்ள கூற்றுகளை இயக்குவது என்றே பொருள். ஒரு தொகுதி தொடங்கும்போதே தரவுத்தளத்துடன் இணைய முயன்றால், ஆவணம் ஆக்கும்போதும் அது அப்படியே முயலும். அது நாடும் வேறொரு நூலகம் அந்தக் கணினியில் இல்லையென்றால் இறக்குமதி தோற்று, பக்கத்தில் அந்தப் பகுதியே இல்லாமல் போகும். இல்லாத நூலகங்களுக்குப் போலிகளை நிறுத்திவைக்கும் வசதி ஆட்டோடாக்கில் இருப்பது இதனால்தான். நிரலை இயக்காமல், அதன் தொடரியலை மட்டும் படித்து டாக்ஸ்ட்ரிங்கைப் பெறும் வழியும் பைத்தானின் இயல்நூலகத்திலேயே உள்ளது. பிறர் எழுதிய, நம்பிக்கைக்கு உறுதியில்லாத நிரலை ஆவணமாக்குவோர் அந்த வழியையே கொள்வது நல்லது. ஜாவாடாக்கும் டாக்சிஜனும் எப்போதும் மூலத்தைப் படிப்பவையே. அவை நிரலை இயக்குவதில்லை.

எடுத்த உரையை அப்படியே பயன்படுத்த முடியாது. செயற்கூற்றின் உடல் உள்தள்ளி எழுதப்படுவதால், டாக்ஸ்ட்ரிங்கின் இரண்டாம் வரி முதல் எல்லா வரிகளும் இடவெளியுடன் தொடங்கும். முதல் வரி மட்டும் மேற்கோள்குறியை ஒட்டி நிற்கும். இந்த விளக்கங்கள் எழுதப்படும் ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்ற குறிமுறையில் உள்தள்ளலுக்கே பொருள் உண்டு என்பதால், இதைச் சரிசெய்யாவிட்டால் சாதாரணப் பத்தி மேற்கோள் பகுதியாகிவிடும். ஆகவே முதல் வரியை விட்டுவிட்டு, மற்ற வரிகளுக்குப் பொதுவாக உள்ள குறைந்த அளவு இடவெளியைக் கண்டு, அதை மட்டும் நீக்குகிறார்கள். 2024இல் வந்த பைத்தான் 3.13 முதல், தொகுப்பியே இந்தப் பொது இடவெளியை நீக்கிவிடுகிறது.

இனி மரம் உருவாகும் இடத்துக்கு வருவோம். செவ்வகத்தின் பரப்பைக் கணக்கிடும் ஒரு செயற்கூற்றில் இப்படி ஒரு வரி இருப்பதாகக் கொள்வோம்:

*நீளம்* சுழியாக இருக்கலாகாது.

உரையை உறுப்புகளாகப் பிரிக்கும் பாகுபடுத்தி இதைப் படித்து முதலில் ஒரு பத்திக் கணுவை உண்டாக்கும். அதன் கீழே அழுத்தம் என்னும் கணு ஒன்றும், உரைக் கணு ஒன்றும் பிறக்கும். அழுத்தக் கணுவுக்குள் ‘நீளம்’ என்ற உரை மட்டுமே இருக்கும். அழுத்தத்தைக் காட்டிய உடுக்குறிகள் (*) இந்த இடத்தோடு மறைந்துவிடும். எந்த எழுத்துருவில், எந்தச் சாய்வில் காட்ட வேண்டும் என்ற செய்தி எதுவும் மரத்தில் இல்லை. இது அழுத்திச் சொல்லப்பட்டது என்ற பொருள் மட்டுமே அங்கு பதிவாகிறது.

தமிழில் ஆவணம் எழுதுவோர் இங்கே இரண்டு செய்திகளை அறிந்திருக்க வேண்டும். முடிவு உடுக்குறியை அடுத்து இடவெளியோ நிறுத்தற்குறியோ வர வேண்டும் என்பது இக்குறிமுறையின் விதி. வேற்றுமை உருபையும் ‘தான்’ போன்ற இடைச்சொல்லையும் சொல்லோடு சேர்த்தெழுதும் நமக்கு இது நேரடியாக இடிக்கும்: *நீளம்*தான் என்று எழுதினால் உடுக்குறி அழுத்தமாகக் கொள்ளப்படாது. இடையில் ஒரு பின்சாய்கோடும் இடவெளியும் இட்டு *நீளம்*\ தான் என்று எழுத வேண்டும். வெளியீட்டில் அவ்விரண்டும் மறைந்து, சொல்லும் இடைச்சொல்லும் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது, தலைப்புக்கு அடியில் இடும் கோடு தலைப்பின் நீளத்துக்குக் குறையக் கூடாது. ‘கோ’ நமக்கு ஓரெழுத்து. யூனிகோடில் அது ககரம், ஓகார உயிர்க்குறி என இரண்டு குறியீடுகள். கண்ணால் எழுத்துகளை எண்ணிக் கோடிட்டால், அது குறைவாக உள்ளது என்ற எச்சரிக்கை வரும். சற்று நீளமாகவே இட்டுவிடுவது எளிது.

தனித்தனிக் கோப்புகளிலிருந்து உருவான மரங்கள் ஒன்றையொன்று அறியா. முதல் கோப்பிலுள்ள விளக்கம் ‘சுற்றளவு என்ற செயற்கூற்றையும் காண்க’ என்று சொல்லி, அந்தச் செயற்கூறு கடைசிக் கோப்பில் விளக்கப்பட்டிருந்தால், முதல் கோப்பைப் படிக்கும் நேரத்தில் இணைப்பின் முகவரி யாருக்கும் தெரியாது. உரையை நேரடியாக எச்டிஎம்எல்லாக மாற்றும் கருவி இங்கே திணறிப்போகும். ஸ்ஃபிங்க்ஸ் அந்த இடத்தில் ‘இன்னும் தீர்க்கப்படாத இணைப்பு’ என்ற கணுவை வைத்துவிட்டு மேலே செல்கிறது. எல்லாக் கோப்புகளையும் படித்து முடிக்கும்போது, எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் எந்த இடத்தில் உள்ளது என்ற முழுப் பட்டியல் அதன் கையில் இருக்கும். அதன்பிறகு மரங்களை மறுபடி சுற்றிவந்து, தீர்க்கப்படாத கணு ஒவ்வொன்றையும் உண்மையான இணைப்பாக மாற்றுகிறது. படித்தலும் எழுதுதலும் இரு கட்டங்களாகப் பிரிந்திருப்பதன் தலையாய காரணம் இதுவே. படித்த மரங்களை வட்டில் சேமித்து வைப்பதால், அடுத்த முறை மாறிய கோப்புகளை மட்டும் படித்தால் போதுமானது என்ற பயனும் கூடவே கிடைக்கிறது.

அந்தப் பெயர்ப்பட்டியலைச் சுருக்கிய ஒரு கோப்பாக ஸ்ஃபிங்க்ஸ் பக்கங்களுடன் சேர்த்து வெளியிடுகிறது. வேறொரு திட்டத்தின் ஆவணம் அதைத் தரவிறக்கிப் படித்து, அங்குள்ள செயற்கூறுகளுக்குப் பெயரைக் கொண்டே இணைப்புக் கொடுக்கலாம். முகவரிகளை யாரும் கையால் எழுத வேண்டியதில்லை. திட்டங்களின் எல்லை தாண்டியும் பெயர்களை இணைக்கும் இந்த ஏற்பாடு, பைத்தான் உலகின் ஆவணங்கள் இவ்வளவு நெருக்கமாகப் பின்னியிருப்பதற்குப் பெரிய காரணம் என்பது என் கருத்து.

எச்டிஎம்எல் எழுதும் கட்டம் இப்போது எளிதாகிவிடுகிறது. எழுதும் பகுதி மரத்தின் உச்சியில் தொடங்கி ஒவ்வொரு கணுவுக்குள்ளும் நுழைகிறது. நுழையும்போது அக்கணுவுக்குரிய திறப்புக் குறியையும், வெளியேறும்போது மூடும் குறியையும் எழுதுகிறது. ஒரு கணுவுக்குள் நுழைந்தது அதைவிட்டு வெளியேறியே தீரும் என்பதால், குறிகள் எப்போதும் சரியான வரிசையில் மூடப்படும். எச்டிஎம்எல்லில் தனிப்பொருள் உள்ள கோணக்குறி, அம்பர்சாண்ட் போன்றவை உரைக் கணுவில் இருந்தால், அவற்றை மாற்றுக்குறிகளாக எழுதும் பொறுப்பும் இந்த ஓரிடத்துக்கே உரியது. ஜாவாடாக்கின் குறிப்புரைகள் எச்டிஎம்எல்லாகவே எழுதப்பட்டு வந்ததால், இந்தச் சுமை எழுதுபவர் தலையில் விழுந்தது: கோணக்குறிகளுக்குள் உள்ள வகைப்பெயரை அப்படியே எழுதினால், உலாவி அதை அறியாத ஒரு குறி என்று கொண்டு காட்டாமல் விட்டுவிடும். 2024இல் வந்த ஜாவா 23இல்தான் குறிப்புரைகளை மார்க்டவுன் என்ற எளிய குறிமுறையில் எழுதவும் வழி பிறந்தது. அதே மரத்தின்மேல் வேறொரு எழுதும் பகுதியை நடக்கவிட்டால் லேட்டக்கோ, மின்னூலோ கிடைக்கும். மூல உரையைத் தொட வேண்டியதே இல்லை.

இவ்வளவு செய்தும், பக்கத்தில் உள்ளது உண்மைதானா என்ற கேள்வி நிற்கும். அளபுருக்களின் பெயர்களும் அவற்றின் இயல்பு மதிப்புகளும் நிரலிலிருந்தே வருவதால் அவை பொய்க்க வாய்ப்பு குறைவு. இலக்கில்லாத இணைப்புகளை எச்சரிக்கையாகச் சொல்லும்படியும், எச்சரிக்கை வந்தால் ஆக்கம் தோற்றதாகவே கொள்ளும்படியும் ஸ்ஃபிங்க்ஸுக்குக் கட்டளையிடலாம். ஆனால் ‘நீளம் சுழியாக இருக்கலாகாது’ என்ற வாக்கியத்தை எந்தப் பாகுபடுத்தியும் சரிபார்க்க இயலாது. அதற்குள்ள வழி, வாக்கியத்துக்குக் கீழே, சுழியைக் கொடுத்தால் எழும் பிழையையும் சேர்த்து ஓர் எடுத்துக்காட்டாக எழுதிவிடுவது. 2001இல் பைத்தான் 2.1உடன் வந்த டாக்டெஸ்ட், டாக்ஸ்ட்ரிங்கில் உள்ள எடுத்துக்காட்டுகளை இயக்கி, கிடைக்கும் விடையையும் எழுதியுள்ள விடையையும் ஒப்பிடுகிறது. பிழை எழ வேண்டிய இடத்தில் பிழை எழுகிறதா என்பதையும் அது பார்க்கும். ரஸ்ட்டில் ஆவண எடுத்துக்காட்டுகள் மற்றச் சோதனைகளோடு இயல்பாகவே ஓடுகின்றன. நாளை ஒருவர் சுழியையும் ஏற்கும்படி நிரலை மாற்றிவிட்டு விளக்கத்தை மறந்துவிட்டால், அந்த எடுத்துக்காட்டு அடுத்த சோதனையிலேயே தோற்று, எந்தக் கோப்பில் எந்த வரியில் விளக்கம் பொய்த்தது என்பதைக் காட்டிவிடும்.