அசைன்மென்டில் காப்பியைக் கணினி மோப்பம் பிடிப்பது எப்படி?

"அறுபது பேருடைய அசைன்மென்டும் ஆன்லைனில் வந்துவிட்டது. ஒருவருக்கு மட்டும் 38 சதவீதம் ஒற்றுமை என்று சிவப்பில் காட்டுகிறது. மார்க்கைக் குறைக்கலாமா?" என்று ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த 38 எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் குறைக்கக் கூடாது.

ஃபைல் ஏறுவது, நேரம் பதிவாவது, மார்க் பட்டியலில் போய் உட்காருவது எல்லாம் தெரிந்த கதை. ஒரே ஒரு எச்சரிக்கை: மூடுல் (Moodle) என்ற ஆன்லைன் வகுப்பறை மென்பொருளில் கெடு தேதி வேறு, கதவடைப்புத் தேதி வேறு. கெடு தாண்டினால் தாமதம் என்று குறிப்பு விழும், அவ்வளவுதான். கதவடைப்பு தாண்டினால்தான் ஏற்ற முடியாது. முதலாவதை மட்டும் வைத்துவிட்டு, 'மூன்று நாள் கழித்தும் வந்து விழுகிறதே' என்று திகைப்பவர்கள் நிறையப் பேர்.

இனி ஒற்றுமைக் கணக்கு. அறுபது பேர் என்றால் 1,770 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுவதே பெரும் வேலை. பழைய ஆண்டுகளின் கட்டுரைகள், இணையப் பக்கங்கள் எல்லாம் சேர்ந்தால் நடக்கிற காரியமே இல்லை. அதனால் கட்டுரைக்குப் பதிலாக அதன் கைரேகையை ஒப்பிடுகிறார்கள். வணிக நிறுவனங்கள் தங்கள் சூத்திரத்தை முழுதாக வெளியில் சொல்வதில்லை. ஆனால் புரோகிராம் அசைன்மென்டுகளைச் சோதிக்கும் 'மாஸ்' என்ற கருவியின் உள்வேலை 2003-இல் ஷ்லைமர், வில்கர்சன், ஐக்கன் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் அப்படியே இருக்கிறது.

முதலில் இடைவெளி, நிறுத்தக்குறி எல்லாம் உதிர்க்கப்படும். மிச்சமுள்ள எழுத்துச் சரத்தில் 1 முதல் 20 வரை ஒரு துண்டு, 2 முதல் 21 வரை அடுத்தது, 3 முதல் 22 வரை அதற்கடுத்தது. 3,000 எழுத்தில் இப்படி 2,981 துண்டுகள். ஒவ்வொரு துண்டும் ஓர் எண்ணாக மாறும். அதுதான் ஹாஷ்.

ஒவ்வொரு துண்டுக்கும் இருபது எழுத்தையும் திரும்பத் திரும்பக் கூட்டிப் பெருக்க வேண்டியதில்லை. கார்ப், ராபின் இருவரும் 1987-இல் வெளியிட்ட தந்திரம் இங்கே கைகொடுக்கிறது. எழுத்துகளுக்குப் பதில் 3, 1, 4, 7 என்ற இலக்கங்களை வைத்துப் பாருங்கள். முதல் மூன்று சேர்ந்தால் 314. ஓரிடம் நகர்ந்தால் 147 வர வேண்டும். 314-இல் 300-ஐக் கழி, 14. பத்தால் பெருக்கு, 140. ஏழைக் கூட்டு, 147. துண்டு எவ்வளவு நீளமானாலும் ஒரு கழித்தல், ஒரு பெருக்கல், ஒரு கூட்டல். எண் பெருத்துவிடாமல் இருக்க ஒரு பகா எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வார்கள்.

ஆனாலும் 2,981 எண்களைச் சேமிப்பது வீண். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? நான்காவது, எட்டாவது, பன்னிரண்டாவது என்று எடுத்தால், காப்பியடித்தவர் தொடக்கத்தில் ஒரே ஓர் எழுத்தைச் சேர்த்தாலும் வரிசை முழுக்க நகர்ந்து, எதுவும் எதோடும் பொருந்தாது. இங்கேதான் அந்த மூவரின் யோசனை வருகிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் தூற்றுதல். ஆம், நெல்லைத் தூற்றிப் பதரைப் பிரிக்கிறோமே, அதேதான்.

எண்கள் இவை என்று வைப்போம்: 61, 23, 85, 40, 19, 72, 33, 58, 12, 90. நான்கு நான்காகப் பார்த்து, ஒவ்வொரு நான்கிலும் மிகச் சிறியதை எடுக்க வேண்டும். முதல் நான்கில் 23. ஓரிடம் நகர்ந்தால் 19. அடுத்த மூன்று முறையும் அதே 19தான். புதிதாக எழுத ஒன்றுமில்லை. பிறகு 12, மறுபடி 12. பத்து எண்கள் போட்டால் 23, 19, 12 மட்டும் முறத்தில் தங்கின. இவைதான் கைரேகை.

சிறியது எது என்பதை அந்த நான்கு எண்களே தீர்மானிக்கின்றன. அவை கட்டுரையில் எங்கே இருக்கின்றன என்பது பொருட்டே இல்லை. திருடிய பத்தியைத் தொடக்கத்தில் வைத்தாலும் நடுவில் செருகினாலும், அதற்குள் அதே எண்தான் தேர்வாகும். இதற்கு உத்தரவாதமே கொடுக்கலாம். ஒரு தடவைக்குச் சேர்த்துப் பார்க்கும் எண்களின் கூட்டத்துக்குச் சன்னல் என்று பெயர்; மேலே அது நான்கு. துண்டு 20 எழுத்து, சன்னல் 11 எண் என்றால், தொடர்ந்து 30 எழுத்து ஒத்துப்போனால் தப்பவே முடியாது. ஏனென்றால் 30 எழுத்துக்குள் சரியாக 11 துண்டுகள், அதாவது ஒரு முழுச் சன்னல் இருக்கிறது. இரண்டு கட்டுரையிலும் அதே சன்னல், அதே சிறிய எண். 20-க்குக் குறைவான ஒற்றுமை கண்ணிலேயே படாது, படவும் வேண்டாம். சிறியதை எடு என்ற இரண்டு சொல்லில் இவ்வளவு அடங்கியிருப்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

தமிழ்க் கட்டுரைகளில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு குறிகளாலும் எழுதலாம். ஒற்றைக்கொம்பையும் காலையும் பிரித்து மூன்று குறிகளாலும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ஹாஷ் மட்டும் வேறு. ஒப்பிடுமுன் யூனிகோட் இயல்பாக்கம் செய்தால், அதாவது இரண்டு வகையையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால், இது தீரும். ஆனால் 'ஔ' என்ற ஒரே எழுத்துக்குப் பதில் ஒ, ள என்று இரண்டைத் தட்டியிருந்தால் இயல்பாக்கமும் கண்டுகொள்ளாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பிடிஎஃப் என்றால் கருவிக்குக் கிடைப்பது ஆங்கில எழுத்துக் குப்பை. கையெழுத்தை ஸ்கேன் செய்த படமென்றால் அதுவும் இல்லை; பூஜ்யம் சதவீதம் என்று பச்சையில் சிரிக்கும். ஏற்கும் ஃபைல் வகையை முன்பே கட்டுப்படுத்துவது இதனால்தான்.

இப்போது அந்த 38. அசைன்மென்ட் 600 சொல், அதில் 120 சொல் நீங்கள் கொடுத்த கேள்வியே என்றால், ஒரு பாவமும் அறியாத மாணவருக்கே 20 சதவீதம் வந்துவிடும். கேள்வித்தாள், மேற்கோள், நூற்பட்டியல் மூன்றையும் விலக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பிறகு மொத்தத்தை விட்டுவிட்டு, தனியொரு மூலத்திலிருந்து அதிகபட்சம் எவ்வளவு வந்திருக்கிறது என்று பாருங்கள். நாற்பது இடத்திலிருந்து அரைக்கால் வரி வருவது பாடத்தின் சொல்வழக்கு. ஒரே இடத்திலிருந்து 30 வந்தால்தான் கூப்பிட்டுக் கேட்க வேண்டியது.

சொற்களையெல்லாம் மாற்றி எழுதினால் கைரேகை மாறிவிடும். செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததும் இதில் சிக்காது. அதைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் கருவிகளின் சதவீதம் என்னைப் பொறுத்தவரை ஜோசியத்துக்கு இரண்டு படி மேலே, அவ்வளவுதான். ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் வெளியிட்ட அப்படியொரு கருவியை, துல்லியம் போதாது என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றது. தூற்றுதல் தரும் எண்ணுக்குப் பின்னால் இரண்டு பத்திகளை அருகருகே வைத்துக் காட்டலாம். அந்தக் கருவிகளின் எண்ணுக்குப் பின்னால் காட்ட எதுவும் இல்லை.

கேள்வி கேட்ட ஆசிரியை இன்னும் ஒன்றைப் பார்க்க வேண்டும். அறிக்கை எப்போது தயாரானது? ஏற்றிய உடனே தயாராகும்படி வைத்திருந்தால், அந்த நேரம் வரை வந்தவற்றோடு மட்டும்தான் ஒப்பீடு நடக்கும். முதலில் ஏற்றிய காப்பிக்காரர் பச்சையில் தப்பிவிடுவார். தன் கட்டுரையைக் கடைசி நாள்வரை செதுக்கிக்கொண்டிருந்த அசல்காரர் சிவப்பில் மாட்டுவார். கெடு தேதியன்று எல்லாவற்றுக்கும் சேர்த்து அறிக்கை தயாரிக்கும்படி மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள், 38-க்கு ஜோடி யார் என்று தெரிந்துவிடும்.