'சீரற்ற' ஆய்வு அல்ல, குலுக்கல் ஆய்வு

ஆராய்ச்சிச் செய்தி எதை எடுத்தாலும் இந்தச் சொல் வந்து முன்னால் நிற்கிறது: 'சீரற்ற'. சர்க்கரை நோய் மாத்திரையா, 'சீரற்ற கட்டுப்படுத்தப்பட்ட சோதனை'. பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனா, 'சீரற்ற முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிகள்'. பாக்டீரியாவா, 'சீரற்ற பிறழ்வு'. ஆங்கிலத்தில் ரேண்டம் என்று எங்கே இருந்தாலும் அங்கே இதை ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள்.

ரேண்டம் பிறந்த கதை சின்னதுதான். பழைய பிரெஞ்சில் 'ராந்தோன்' என்றால் வேகம், பாய்ச்சல். குதிரை கடிவாளத்துக்கு அடங்காமல் ஓடுவது மாதிரியான வேகம். ஆங்கிலத்துக்கு வந்தபின் குறி பார்க்காமல் செய்வது என்று பொருள் மாறியது. புள்ளியியல்காரர்கள் அதை எடுத்துத் தங்கள் தொழிலுக்கு ஏற்றாற்போல் இறுக்கிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

இனி 'சீரற்ற'. சீரற்ற சாலை, சீரற்ற இதயத் துடிப்பு, சீரற்ற மின்சாரம் என்கிறோம். மூன்றிலும் ஏதோ ஒன்று பழுதாகிக் கிடக்கிறது. தமிழில் இந்தச் சொல் ஒரு குறையைச் சொல்லும் சொல். ஆய்வில் நடப்பதோ இதற்கு நேர் எதிரானது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் வேலை பார்த்த புள்ளியியல்காரர் ரொனால்ட் ஃபிஷர், எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை ஆய்வாளரின் விருப்பத்துக்கு விடக் கூடாது என்றார். நல்ல மண்ணுக்கெல்லாம் புது உரம் போய்ச் சேர்ந்தால், விளைச்சல் மண்ணால் கூடியதா உரத்தால் கூடியதா என்று எப்படித் தெரியும்? குலுக்கிப் போட்டால் நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் விழும். மனிதர்களிடமும் இதே கதைதான். வயதானவர், குடிப்பவர், வசதி இல்லாதவர் எல்லாரும் புது மருந்துக் குழு, பழைய மருந்துக் குழு என்ற இரண்டிலும் கலந்துவிடுவார்கள். ஆக, இரண்டு பக்கமும் சீராக அமைய வேண்டும் என்பதற்காகச் செய்கிற வேலைக்கு நாம் வைத்திருக்கிற பெயர் சீரற்ற!

இது வெறும் பண்டிதச் சண்டை இல்லை. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருக்காரப் பெண் ஒருவர் மருந்து ஆய்வு ஒன்றின் ஒப்புதல் படிவத்தைக் கொண்டுவந்து காட்டினார். 'நீங்கள் சீரற்ற முறையில் இரண்டு குழுக்களுள் ஒன்றில் சேர்க்கப்படுவீர்கள்' என்று இருந்தது. "இன்னாண்ணே, ஒழுங்கில்லாம சேப்பாங்கன்னு போட்டுக்கீது?" என்று கேட்டார். அவர் படித்தது சரிதான். அந்த வரிக்குத் தமிழில் அதுதான் அர்த்தம். 'உங்களுக்குப் புது மருந்தா பழைய மருந்தா என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். டாக்டரோ நீங்களோ தேர்ந்தெடுக்க முடியாது' என்று எழுதியிருந்தால் விளக்க ஆளே வேண்டாம். ஆங்கிலப் படிவத்தை எட்டு பேர் கொண்ட குழு வரிவரியாகப் பார்த்திருக்கும். தமிழை யார் பார்த்தார்களோ.

குலுக்கல் என்று நான் சொல்வதற்குக் காரணம், அந்த முறையும் சொல்லும் ஏற்கெனவே இங்கே புழக்கத்தில் இருப்பதுதான். காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் சீட்டுப் போடும் பெண்களைக் கேளுங்கள். ஏலச் சீட்டு வேறு, குலுக்கல் சீட்டு வேறு என்று பிரித்துச் சொல்வார்கள். ஒரே நோட்டுத் தாளை ஒரே அளவில் கிழித்து, பெயர் எழுதி, ஒரே மாதிரி நாலாக மடித்து எவர்சில்வர் டப்பாவில் போடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பொடிசைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். மடிப்பு ஒன்று தடிமனாக இருந்தால் அங்கேயே சண்டை. 1948இல் பிரிட்டனில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு முடிவு வந்ததே, அதில் 107 நோயாளிகளைப் பிரிக்கப் புள்ளியியல்காரர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் ஒட்டிய உறைகளை வைத்துக்கொண்டார். யாருக்கு எது என்று சேர்க்கிற டாக்டருக்கே முன்கூட்டித் தெரியக் கூடாது என்பதற்காக. பொடிசைக் கூப்பிடுவதும் அதற்காகத்தான்.

தமிழ்நாட்டுக்கு இது பழைய சங்கதியும்கூட. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் குடவோலை முறை விரிவாக இருக்கிறது. அங்கேயும் தகுதி உள்ளவர்களின் பெயரைத்தான் குடத்தில் போடுகிறார்கள், ஓலையை எடுப்பதும் ஒன்றும் அறியாத ஒரு சிறுவன்தான். அதற்காகக் 'குடவோலை ஆய்வு' என்று பெயர் வைக்கப் புறப்பட வேண்டாம். தனித்தமிழ் அன்பர்கள் சிலர் அப்படித்தான் கிளம்புவார்கள். குலுக்கு என்பதும் தமிழ் வினைதான், இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது.

சரி, எதிர்ப்பு என்ன சொல்கிறது? குலுக்கல் என்றால் லாட்டரி நினைவு வருகிறது, அறிவியலுக்குக் கௌரவமாக இல்லை என்பார்கள். லாட்டரியைத் தமிழ்நாட்டில் 2003இலேயே தடை செய்தாயிற்று. தனியார் பள்ளிகளில் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடங்களுக்கு விண்ணப்பம் அதிகமாக வந்தால் 'குலுக்கல் முறையில்' என்று அரசே அறிவிக்கிறது. வாரியக் குடியிருப்பில் எந்த மாடி என்பதும் குலுக்கல்தான். வீடும் பள்ளியும் கொடுக்கிற அளவுக்குக் கௌரவம் உள்ள சொல், மாத்திரை கொடுக்கப் போதாதா? இப்போது கம்ப்யூட்டர் அல்லவா பிரிக்கிறது, யார் குலுக்குகிறார்கள் என்று இன்னொரு கேள்வி. பள்ளிக்கூட இடத்தைக் கம்ப்யூட்டர் பிரித்தாலும் பெற்றோர் வாயில் அது குலுக்கல்தான்.

பாடநூல்காரர்களின் 'சமவாய்ப்பு' இதைவிட மேல், ஆனால் அதிலும் கோளாறு இருக்கிறது. பத்தாம் வகுப்பில் சமவாய்ப்புச் சோதனை, பன்னிரண்டில் சமவாய்ப்பு மாறி. வாய்ப்பு சமமாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே. மூன்று பேரில் இருவருக்குப் புது மருந்து, ஒருவருக்குப் பழையது என்ற கணக்கிலும் குலுக்குவார்கள். அதற்கு மேல், சமூகக் கொள்கை பேசுகிறவர்களுக்குச் சம வாய்ப்பு என்றால் முற்றிலும் வேறு பொருள். இடஒதுக்கீடு பற்றி ஒரு குலுக்கல் ஆய்வு நடந்தால் 'சமவாய்ப்பு பற்றிய சமவாய்ப்பு ஆய்வு' என்றா எழுதுவது? இலங்கைப் பாடநூல்களில் வரும் 'எழுமாற்று' எனக்குப் பிடித்த சொல். ஆனால் ராயபுரத்தில் சொன்னால் எழுந்து மாறி உட்காரச் சொல்கிறோமோ என்று நினைப்பார்கள். 'திருவுளச் சீட்டு' அழகுதான், ஆனால் முடிவைச் சாமி தலையில் கட்டிவிடும். 'சகட்டுமேனிக்கு' என்று மட்டும் இன்னும் யாரும் எழுதவில்லை.

குலுக்கல் என்றால் ஒரு குழப்பமும் தெளிகிறது. ஊரில் யார் யாரைக் கேட்பது என்று ஆளைப் பொறுக்குவது குலுக்கி எடுத்தல். வந்தவர்களில் யாருக்கு எது என்று பகிர்வது குலுக்கிப் பிரித்தல். இரண்டையும் 'சீரற்ற' என்று எழுதினால் இந்த வேறுபாடே போய்விடும். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வில் நோயாளிகளை வீட்டிலேயே மருந்து தரும் குழு, சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்க வைக்கும் குழு என்று குலுக்கித்தான் பிரித்தார்கள். ஏழை வீட்டில் இருந்தபடியே குணமாகலாம் என்று 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை என்பது அடுத்து வந்த முடிவு. உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையைத் திருப்பிப் போட்ட ஆய்வு அது. மெக்சிகோவில் 1990களின் இறுதியில் உதவித்தொகை எந்தக் கிராமங்களுக்கு முதலில் என்பதையும் இதே மாதிரிதான் பிரித்தார்கள். மும்பையிலும் வடோதராவிலும் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனி ஆசிரியை வைத்துப் பார்த்த ஆய்வும் அப்படித்தான்.

எல்லா இடத்திலும் குலுக்கல் செல்லாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். உயிரியலில் பிறழ்வை, அதாவது மரபணுவில் வரும் மாற்றத்தை, யாரும் குலுக்குவதில்லை. 1943இல் லூரியா, டெல்பிரூக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் காட்டியது என்ன? பாக்டீரியா வைரஸைப் பார்த்துவிட்டு அதற்கு ஏற்றபடி மாறிக்கொள்வதில்லை, மாற்றம் அதற்கு முன்பே அதன்போக்கில் நடந்திருக்கிறது என்பதைத்தான். அங்கே 'தற்செயல் பிறழ்வு' போதும். மரபணுவில் சில இடங்களில் பிறழ்வு அடிக்கடி வரும் என்பதால் அதிலும் ஒரு சீர் உண்டு. 'சீரற்ற' அங்கேயும் தப்பு. ஆங்கிலத்தில் ஒரு சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று யார் விதித்தது? அகராதியில் முதலில் கிடைக்கிற சொல்லை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்களும், அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட எந்திரங்களும் விதித்ததுதான்.

இதே கூட்டம்தான் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் குழுவைக் 'கட்டுப்பாட்டுக் குழு' என்கிறது. கொரோனா காலத்தில் தெருவை அடைக்க வந்தவர்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒப்பீட்டுக் குழு என்றால் முடிந்தது. முழுப் பெயரும் அப்புறம் 'ஒப்பீட்டுக் குலுக்கல் ஆய்வு' என்று மூன்றே சொல்லில் அடங்கும். வெறும் மாவு மாத்திரைக்கு மட்டும் யாரோ ஒரு புண்ணியவான் 'மருந்துப்போலி' என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதில் கை வைக்காமல் விட்டால் சரி.