டீக்கடையில் வழி கேட்கும் போன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு ரவுட்டரில், பிள்ளைகளுக்கு ஆகாத தளங்களை அடைக்கும் வடிகட்டி போட்டுக் கொடுத்தேன். இரண்டே எண்கள்: 1.1.1.3, 1.0.0.3. பத்து நிமிட வேலை. அக்கா நிம்மதியாக மீன் குழம்பைக் கவனிக்கப் போய்விட்டாள். சாப்பிட்டுக் கை கழுவும்போது ஏழாம் வகுப்பு படிக்கும் அவள் மகன் பக்கத்தில் வந்து நின்றான். "மாமா, வைஃபைலதான் சில சைட் வரல. அம்மா போன்ல டேட்டா ஆன் பண்ணா எல்லாமே வருதே."

அவன் சொன்னது சரிதான். ஏன் சரி என்பதற்கு அந்த இரண்டு எண்களின் கதை தெரிய வேண்டும்.

ஊருக்குப் புதிதாக வருகிறவர் பஸ் ஸ்டாப் டீக்கடையில் "கணக்கு வாத்தியார் வீடு எதுங்க?" என்று கேட்பார். கடைக்காரர் கை காட்டுவார். இணையத்திலும் இதேதான். நாம் தட்டுவது பெயர். தரவு போய்ச் சேர வேண்டுமென்றால் எண் முகவரி வேண்டும். அதனால் போன் முதலில் ஒரு டிஎன்எஸ் சர்வரிடம் போய் "இந்தப் பெயருக்கு எண் என்ன?" என்று கேட்கிறது. பதில் வந்த பிறகுதான் அந்தத் தளத்தின் கதவைத் தட்டுகிறது. எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஆரம்பத்தில் இந்தக் கடைக்காரர் கிடையாது. இன்றைய இணையத்துக்கு முன்னோடியான, அமெரிக்காவின் ஆர்பாநெட் காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது, மற்றவர்கள் படியெடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகியதும் அது தாங்கவில்லை. 1983இல் பால் மொக்காபெட்ரிஸ் டிஎன்எஸ் முறையை வடிவமைத்தார். ஒற்றைப் பட்டியல் உடைந்து பல இடங்களுக்குப் பிரிந்தது. இன்று எந்தக் கடைக்காரரிடம் வழி கேட்பது என்பது நம் இஷ்டம். குடும்ப வடிகட்டி நுழைவது இந்தச் சந்தில்தான்.

நாம் ஒன்றும் செய்யாவிட்டால், இணைய இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் கடைக்காரரிடம்தான் போன் வழி கேட்கும். 1.1.1.3 என்று மாற்றினால் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் கடைக்காரரிடம் கேட்கும். அவர் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது: ஆபாசத் தளங்கள், வைரஸ் பரப்பும் தளங்கள். கேட்ட பெயர் அதில் இருந்தால் 0.0.0.0 என்று பதில் வரும். அது எந்த வீட்டுக்கும் போகாத முகவரி. திரையில் எச்சரிக்கை எதுவும் வராது. நெட் போனது போலத்தான் இருக்கும். பிள்ளை "நெட் சரியில்ல" என்று புலம்பினால் வடிகட்டி வேலை செய்கிறது என்றும் அர்த்தம் இருக்கலாம்!

இன்னும் கெட்டிக்காரக் கடைக்காரர்களும் உண்டு. கூகுளின் முகவரி கேட்டால், கூகுளே இதற்கென்று வைத்திருக்கும் வேறொரு முகவரியைச் சொல்வார்கள். அங்கே போனால், ஆபாச முடிவுகளை மறைக்கும் 'பாதுகாப்பான தேடல்' வசதியை அணைக்கவே முடியாது. யூடியூபுக்கும் இப்படி ஒன்று இருக்கிறது. அந்த வழியாகப் போனால் கமெண்டுகள்கூடத் தெரியாது. கிளீன்பிரவுசிங் என்ற சேவையின் குடும்ப வடிகட்டி இந்த வேலையைச் செய்கிறது.

பட்டியலை யார் எழுதுகிறார்கள் என்பது தனிச் சிக்கல். 1.1.1.3 சேவை 2020 ஏப்ரல் 1 அன்று வெளியானது. அன்றைக்கே, பால்புதுமையினருக்கான (எல்ஜிபிடிக்யூ) தளங்கள் பலவற்றையும் அது அடைத்துவிட்டது தெரியவந்தது. வெளியிலிருந்து வாங்கிய பட்டியலில் தவறான வகையைத் தேர்ந்தெடுத்ததுதான் காரணம். நிறுவனம் அன்றே மன்னிப்புக் கேட்டது. நல்ல தளம் ஒன்று திறக்காவிட்டால் பிள்ளை வந்து சொல்லும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கடைக்காரருக்கு வீட்டின் பெயர் மட்டும்தான் தெரியும். உள்ளே நடக்கும் பேச்சு கேட்காது. யூடியூபில் பாப்பா பாட்டும் ஒரே பெயர், பயங்கரமான வீடியோவும் அதே பெயர். அன்று அக்கா மகனே கேட்டான்: "கேம்ல ஒருத்தன் எந்த ஸ்கூல்னு கேட்டுட்டே இருக்கான். அதையும் இது நிறுத்துமா?" நிறுத்தாது. அந்த கேமின் சர்வர் எந்தப் பட்டியலிலும் இல்லாத பெயர். இருவரும் உட்கார்ந்து கேமின் செட்டிங்ஸைத் திறந்து, நண்பர்கள் மட்டும் பேசலாம் என்று மாற்றினோம். அந்த ஆளைப் பிளாக் செய்தோம். அக்காவுக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் சேமித்துக் கொடுத்தேன். அன்று செய்த உருப்படியான வேலை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பட்டியல் காப்பது, தெரியாமல் போய் விழுகிற சின்னப் பிள்ளைகளை. தேடிப் போகிற பதினைந்து வயதுக்காரனை அல்ல.

அந்தப் பதினைந்து வயதுக்காரனுக்கு வசதியான ஒன்று 2018 அக்டோபரில் இணையத்தின் பொதுத் தரவிதியாகவே (ஸ்டாண்டர்ட்) வந்துவிட்டது. வழி கேட்கும் கேள்வியை சாதாரண இணையப் போக்குவரத்துக்குள் மறைத்து அனுப்பும் முறை அது. நாம் பார்க்கும் தளங்களை நடுவில் இருப்பவர்கள் ஒட்டுக்கேட்கக் கூடாது என்பதுதான் நோக்கம், நல்ல நோக்கம். ஆனால் பிரவுசர் உங்கள் கடைக்காரரைத் தாண்டி அடுத்த தெருக்காரருக்கு ரகசியமாகப் போன் போட்டு வழி கேட்கலாம் என்றும் ஆகிவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் உங்கள் கடைக்காரருக்குக் கொஞ்சம் மரியாதை வைத்திருக்கிறது: தானாக அந்த ரகசிய முறைக்கு மாறுமுன் ஒரு குறிப்பிட்ட பெயருக்கு வழி கேட்டுப் பார்க்கும். கடைக்காரர் "இல்லை" என்றால் மாறாது. பையனே கையால் மாற்றினால் அந்த மரியாதையும் போச்சு.

டேட்டா விஷயத்துக்கு வருவோம். ரவுட்டரில் போட்டது ரவுட்டர் வழியாகப் போகிறவற்றுக்கு மட்டும். மொபைல் டேட்டாவுக்குக் கடைக்காரர் வேறு. ஆண்ட்ராய்டு 9 முதல் செட்டிங்ஸில் பிரைவேட் டிஎன்எஸ் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே எண் செல்லாது, சேவையின் பெயரைத்தான் எழுத வேண்டும். எழுதிவிட்டால் வைஃபை, டேட்டா இரண்டுக்கும் பொருந்தும். மாற்றியதும் பழைய பதில்களைப் போன் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். போனை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டுச் சோதியுங்கள்.

அக்கா போனில் அதையும் போட்டேன். ரவுட்டருக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள பழைய அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றினேன். வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்த்தேன். பையன் ரவுட்டரைத் தலைகீழாகத் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தான்.