கத்திரியில் போட்ட தரை, ஐப்பசியில் எழுந்தது

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு வீடு. மே மாதக் கத்திரி வெயிலில் ஹாலுக்கு ஓக் மரத்தரை போட்டுக் கொடுத்தோம். தொழிற்சாலையிலேயே பாலிஷ் ஏற்றி, பெட்டியில் வரும் சாலிட் பலகை, அதாவது முழுக்க ஒரே மரம், முக்கால் அங்குலக் கனம். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் வெறுங்காலால் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஐப்பசி அடைமழையில் ஒருநாள் காலை ஆறு மணிக்கு போன். "அண்ணே, ஹால் நடுவுல தரை எழும்பி நிக்குது. உள்ளே ஏதாவது பூந்திருக்குமோன்னு அம்மா பயப்படுறாங்க."

போய்ப் பார்த்தேன். சோபாவுக்கு முன்னால் நான்கு பலகைகள் ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. அடியில் என் உள்ளங்கை தாராளமாக நுழைந்தது.

தப்பு என்னுடையதுதான். சுவரோரம் இடைவெளி விட்டால் பார்க்க நன்றாக இல்லை என்று வீட்டுக்காரர் சொன்னார். சுவரடியில் அடிக்கும் ஸ்கர்ட்டிங் பட்டை வந்தால் மறைந்துவிடும் என்று விளக்கியிருக்க வேண்டும். வேலை முடிந்தால் போதும் என்று சுவரை ஒட்டியே போட்டுவிட்டேன்.

மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், திரும்ப விடும். நீளவாக்கில் அநேகமாக அசையாது, அகலவாக்கில்தான் விரியும். பலகையின் ஈரம் 1 சதவீதம் ஏறினால் ரெட் ஓக் அகலத்தில் ஏறக்குறைய 0.37 சதவீதம் விரியும் என்பது மரக்கணக்கு. 12 அடி அகல அறையில் மே மாதத்துக்கும் நவம்பருக்கும் 4 சதவீத வித்தியாசம் வந்தால், தடுக்க ஆளில்லாவிட்டால் 2 அங்குலத்துக்கும் மேல் விரியப் பார்க்கும். சுவர் நகராது. பலகை மேலே எழும். தேக்கு இதில் பாதிதான் அசையும். நம் ஆசாரிகள் நிலைக்கும் கதவுக்கும் தேக்கையே கேட்டதில் காரணம் இருக்கிறது.

இப்போது என்னிடம் கேட்பவர்களுக்கு எஞ்சினியர்டு பலகையைத்தான் சொல்கிறேன். மேலே 2 முதல் 4 மில்லிமீட்டர் நிஜ மரம், அடியில் பிளைவுட் மாதிரி குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய அடுக்குகள். ஒரு அடுக்கை இன்னொன்று பிடித்துக்கொள்வதால் விரிவது வெகுவாகக் குறையும். வெயிலில் வறண்டு மழையில் ஊறும் வேலூருக்கு இதுதான் சரி. இதற்கும் சுவரோரம் 10, 12 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அதில் மட்டும் இனி யார் சொன்னாலும் விட்டுக்கொடுப்பதில்லை.

கடையில் 'வுடன் ஃப்ளோரிங்' என்று கேட்டால் முதலில் லேமினேட்டைத்தான் எடுத்துப் போடுவார்கள். அது மரத்தூளை அழுத்திய அட்டை மேல் ஒட்டிய மரப்படம். மோசமான பொருள் என்று சொல்லவில்லை. மரத்தின் விலைக்கு அதை வாங்காதீர்கள். சாம்பிள் பலகையின் வெட்டு முனையைத் திருப்பிப் பாருங்கள். மேலே தெரியும் ரேகை முனையிலும் இறங்கினால் மரம். பழுப்பாக, பிஸ்கட்டை உடைத்த மாதிரி இருந்தால் அட்டை.

அடுத்தது தளம். புது கான்கிரீட் ஒரு அங்குலக் கனம் காய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். மட்டம் எடுக்க மேலே 2 அங்குலச் சிமெண்ட் போட்டால் இன்னும் இரண்டு மாதம். தை முகூர்த்தம் குறித்துவிட்டோம், மார்கழிக்குள் முடியுங்கள் என்பார்கள். முகூர்த்தத்துக்காகச் சிமெண்ட் காயாது. 2 அடிச் சதுர பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் அடித்து ஒருநாள் விட்டுப் பாருங்கள். அடியில் முத்து முத்தாக நீர் நின்றாலோ தரை கறுத்தாலோ வேலையைத் தொடக்கூடாது. நீர் இல்லை என்பதற்காக அது காய்ந்துவிட்டது என்றும் அர்த்தமில்லை, அப்புறம் ஈரம் அளக்கும் மாய்ஸ்ச்சர் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். கீழ்த்தளம் என்றால் கூடுதல் கவனம். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்த பிறகு, சுவரடியில் பெயிண்ட் உரிந்த வீடுகளை நிறையப் பார்த்தேன். அந்த மாதிரி வீட்டில் கீழே டைல்ஸே இருக்கட்டும், மாடிக்கு மரம் போடலாம். கரையான் மருந்தும் பலகை வருவதற்கு முன்னாலேயே அடித்துவிட வேண்டும்.

பாலிஷ் ஏற்றி வருவதில் ஒரு சௌகரியம், ஒரு சங்கடம். வீட்டில் தூசி பறக்காது, வார்னிஷ் நாற்றம் இல்லை, போட்ட அன்றே நடக்கலாம். ஆனால் ஏற்ற இறக்கம் இருந்தால் மேலே இழைத்துச் சரிசெய்ய முடியாது. அதனால் தளமே மட்டமாக இருக்க வேண்டும். 10 அடி நீள மட்டப்பலகையை வைத்தால் அடியில் 5 மில்லிமீட்டருக்கு மேல் சந்து தெரியக்கூடாது.

பெட்டிகளை கார் ஷெட்டில் அடுக்காமல், போடப்போகிற அறையிலேயே வையுங்கள். எத்தனை நாள் என்பதைவிட மீட்டர் என்ன சொல்கிறது என்பதே முக்கியம். நிறம் பெட்டிக்குப் பெட்டி மாறும், அதனால் நாலைந்து பெட்டியிலிருந்து கலந்து எடுத்துத்தான் போடுவோம். கீறலோ முடிச்சோ உள்ள பலகையை அப்போதே ஒதுக்கிவிட வேண்டும். போட்ட பிறகு கம்பெனிக்காரரிடம் காட்டினால், பார்த்துத்தானே போட்டீர்கள் என்பார். அது நியாயமும்கூட. பெயிண்டர் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்ட விடாதீர்கள், பிரிக்கும்போது பாலிஷும் சேர்ந்து வரலாம். பெயிண்ட் முடிந்த பிறகே தரை என்றால் இந்தத் தொல்லையே இல்லை. தரை உயர்வதால் கதவின் அடியை இழைக்க வேண்டிவரும், அந்தக் கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

சத்துவாச்சாரி வீட்டுக்கு வருகிறேன். ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி, சுவரோரப் பலகையை அரை அங்குலம் அறுத்தெடுத்தோம். தை பிறந்து ஈரம் இறங்கியதும் அந்த நாலு பலகையையும் மாற்றினோம். பணம் வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை வாளித் தண்ணீர் ஊற்றித் தரை கழுவும் பழக்கம் அந்த அம்மாவுக்கு. இனி இறுகப் பிழிந்த துணிதான் என்று சொன்னபோது முகம் சுருங்கியது. "அப்போ வாசலை மட்டும் கழுவிக்கறேன்" என்றார். மிஞ்சிய ஒரு பெட்டிப் பலகையைப் பரணில் போடப் போனவரை நிறுத்தி, கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். மொட்டை மாடிக்கு அடியிலிருக்கும் பரண் மே மாதம் அடுப்பு மாதிரி காயும்.